எக்ஸ்போஷர் நீளங்களைக் கலப்பதா, ஒன்றிலேயே நிற்பதா?

ஓரியன் நெபுலாவைப் படமெடுக்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். வெளிப்புறத்தில் படர்ந்திருக்கும் மங்கலான தூசி தெரிய வேண்டுமானால் நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும், அதாவது சென்சாரில் நீண்ட நேரம் ஒளி விழ வேண்டும். நடுவில் இருக்கும் டிரபீசியம் நட்சத்திரங்கள் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடக் கூடாது என்றால் குறுகிய எக்ஸ்போஷர் வேண்டும். சரி, இரண்டையும் எடுத்துக் கலந்துவிடலாமே என்று தோன்றும். எப்படிக் கலப்பது, எப்போது கலப்பது, கலக்கத்தான் வேண்டுமா என்பதில்தான் குழப்பம்.

முன்னால் இருக்கும் வழிகள் இவை. இரவு முழுக்க ஒரே நீளத்தில் எடுப்பது ஒன்று. பல நீளங்களில் எடுத்து எல்லாவற்றையும் ஒரே ஸ்டாக்கில் (பல படங்களை அடுக்கிச் சராசரி எடுத்த ஒரே படம்) போடுவது இன்னொன்று. ஒவ்வொரு நீளத்தையும் தனித்தனியாக ஸ்டாக் செய்து பிறகு இணைப்பது மூன்றாவது. இவை போக, நீளத்தைத் தொடாமல் கெயினை (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைப்பதும், நட்சத்திரங்களுக்கு மட்டும் தனியாக எடுப்பதும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீளங்களைக் கலப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: பிக்ஸல் நிரம்பி வழிவது, அதாவது ஒளி அதிகமாகி அதன் கொள்ளளவு தீர்ந்துவிடுவது. இரைச்சலைக் குறைக்கலாம் என்று கலப்பதில் பலனில்லை. நிரம்பி வழிகிறதா என்று பார்ப்பதற்கு முன், உங்கள் அடிப்படை எக்ஸ்போஷரே தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

நீளத்தை எது தீர்மானிக்கிறது?

ஒவ்வொரு ஃபிரேமைப் படிக்கும்போதும் சென்சார் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. அதுதான் ரீட் நாய்ஸ். ஒரு மணி நேரத்தை 12 ஃபிரேமாக எடுத்தால் அந்த இரைச்சல் 12 முறை சேரும், 60 ஃபிரேமாக எடுத்தால் 60 முறை சேரும். வந்து விழும் ஒளி இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே, வானத்தின் பின்னணி ஒளி கொண்டுவரும் இரைச்சல் ரீட் நாய்ஸை மூழ்கடிக்கும் அளவுக்கு ஒரு ஃபிரேம் நீண்டிருந்தால் போதும். அதற்கு மேல் நீட்டுவதில் லாபம் அற்பம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மொத்த இரைச்சல் 5 சதவீதம் கூடினால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு பிக்ஸலில் வானத்தின் ஒளி உண்டாக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ரீட் நாய்ஸின் வர்க்கத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு இருக்க வேண்டும். சோனி ஐஎம்எக்ஸ்571 சென்சார் உள்ள கேமராக்களில் ஹெச்சிஜி முறையில் (ஹை கன்வர்ஷன் கெயின், ரீட் நாய்ஸைக் குறைக்கும் அமைப்பு) ரீட் நாய்ஸ் சுமார் 1.5 எலக்ட்ரான். வர்க்கம் 2.25, பத்து மடங்கு 22. உங்கள் வானமும் டெலஸ்கோப்பும் சேர்ந்து ஒரு பிக்ஸலுக்கு வினாடிக்கு அரை எலக்ட்ரான் கொடுத்தால் 44 வினாடி போதும்.

இதே கணக்கைப் பழைய வகைச் சென்சாரான கோடாக் கேஏஎஃப்-8300 சிசிடி உள்ள கேமராவுக்குப் போட்டுப் பாருங்கள். அதன் ரீட் நாய்ஸ் ஏறக்குறைய 8 எலக்ட்ரான். வர்க்கம் 64, பத்து மடங்கு 640. அதே வானத்தில் ஏறத்தாழ 21 நிமிடம் ஆகிறது! 10 நிமிடம், 20 நிமிடம் என்று ஒவ்வொரு ஃபிரேமையும் நீட்டிய பழக்கம் இப்படித்தான் வந்தது. அதற்கும் முன்பு, ஃபிலிம் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சம் குறையக் குறைய ஃபிலிமின் உணர்திறனும் குறைந்துகொண்டே போகும். குறுகிய படங்களை அடுக்கி நீண்ட படத்துக்கு ஈடுகட்ட அப்போது வழியே இல்லை. ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தபோது ஒரே தகட்டுக்கு 51 நிமிடம் ஒளி கொடுத்தார். அந்தக் காலத்து வழக்கங்கள் பல இன்றைய அறிவுரைகளுக்குள்ளும் தங்கிவிட்டன. நீளங்களைக் கலக்க வேண்டும் என்ற அறிவுரையும் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

இப்போது இதை நிரம்புவதோடு சேர்த்துப் பார்ப்போம். என் பார்வையில் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. கேஏஎஃப்-8300இன் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 25,500 எலக்ட்ரான் கொள்ளும். சரியான நீளத்தில் எடுத்தால் வானமே 640ஐப் பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் வானத்தைவிட 40 மடங்கு பிரகாசமான எதுவும் நிரம்பிவிடும். ஓரியனின் நடுப்பகுதி அதற்குள் எப்படி அடங்கும்? கட்டாயம் கலக்கத்தான் வேண்டும். ஐஎம்எக்ஸ்571இல் ஹெச்சிஜி முறையில் கொள்ளளவு சுமார் 16,000தான், பழைய சிசிடியைவிடக் குறைவு. ஆனால் வானம் பிடிப்பது 22 மட்டுமே. வானத்தைவிட 700 மடங்கு பிரகாசம் வரை ஒரே ஃபிரேமில் அடங்கிவிடுகிறது. பல சூழ்நிலைகளில் கலக்கும் தேவையே இதனால் போய்விடுகிறது.

ஆனால் 44 வினாடி போதும் என்ற இடத்தில் பழக்கதோஷத்தால் 300 வினாடி எடுத்தால், அந்த 700 மடங்கு 100 மடங்காகச் சுருங்கிவிடும். பிறகு நடுப்பகுதி வெளுக்கிறது என்று குறுகிய ஃபிரேம்களைத் தனியாக எடுத்துக் கலக்க வேண்டிவரும். வியாதியையும் நாமே வரவழைத்து மருந்தையும் நாமே தேடுகிறோம்.

ஒரே நீளம்

சுருங்கச் சொன்னால் எளிமைதான் இதன் பலம். ஒரு டார்க் தொகுப்பு (மூடியைப் போட்டு அதே நீளத்தில் எடுக்கும் இருட்டு ஃபிரேம்கள்), ஒரு ஸ்டாக், ஒரு பிராசஸிங். ஒரு விமானமோ செயற்கைக்கோளோ குறுக்கே போனால் 44 வினாடிதான் கெடும், 5 நிமிடம் கெடாது. காற்று திடீரென்று வீசினாலும் அப்படித்தான். நட்சத்திரங்களைப் பின்தொடரும் டிராக்கிங் சுமாராக இருக்கும் மவுன்ட் (டெலஸ்கோப்பின் தாங்கி), பிழையை உடனுக்குடன் திருத்தும் கைடிங் இல்லாத மவுன்ட், மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும் ஆல்ட்-ஆஸிமத் மவுன்ட் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை, வேறு வழி தேவையும் இல்லை.

விலை கோப்புகளில் இருக்கிறது. 26 மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு ஃபிரேம் 52 எம்பி. 5 மணி நேரத்தை 300 வினாடி ஃபிரேம்களாக எடுத்தால் 60 கோப்பு, 3 ஜிபி சொச்சம். 44 வினாடியாக எடுத்தால் 400க்கும் மேல் கோப்பு, 21 ஜிபி. பழைய மடிக்கணினியில் ஸ்டாக் செய்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 60, 90 வினாடி என்று கொஞ்சம் ஏற்றிக்கொள்வது நடைமுறைக்கு நல்ல சமரசம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டிதர் (டெலஸ்கோப்பைச் சில பிக்ஸல் நகர்த்துவது) செய்யாமல் நாலைந்து ஃபிரேமுக்கு ஒருமுறை செய்தால் நேரமும் வீணாகாது.

எல்லாவற்றையும் ஒரே ஸ்டாக்கில் போடுவது

இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று எண்களோடு காட்டுகிறேன், ஏனென்றால் "எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது" என்ற நம்பிக்கை மிகவும் ஆழமானது.

அதே கேமரா, அதே வானம். 180 வினாடி ஃபிரேம் 60, 10 வினாடி ஃபிரேம் 60 எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாக் செய்யும் மென்பொருள் முதலில் எல்லா ஃபிரேம்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். அதாவது 10 வினாடி ஃபிரேமை 18ஆல் பெருக்கும். பெருக்கும்போது அதன் இரைச்சலும் 18 மடங்காகும். பின்னணிப் பகுதியில் நீண்ட ஃபிரேம்களை மட்டும் சராசரி எடுத்தால் மிஞ்சும் இரைச்சல் சுமார் 1.24 எலக்ட்ரான். குறுகியவற்றையும் சமமாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 3.19. கூடுதலாக 10 நிமிடம் ஒளி சேர்த்தும் படம் இரண்டரை மடங்கு கரகரப்பாகிவிட்டது!

நல்ல மென்பொருள் இரைச்சலைப் பார்த்து எடை போடும், சரிதான். அப்படிச் சரியாக எடை போட்டால் 1.24 என்பது 1.22 ஆகும். இரண்டு சதவீத லாபம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நாம் எதற்காகக் குறுகிய ஃபிரேம்களை எடுத்தோமோ அந்த நடுப்பகுதியின் கதி என்ன? எடையில் 96 சதவீதம் வெளுத்துப்போன நீண்ட ஃபிரேம்களிடம் இருக்கிறது. போதாக்குறைக்கு, குறுகிய ஃபிரேம் மட்டும் வேறு மதிப்பைச் சொல்வதால், ஒத்துப்போகாத மதிப்புகளை நீக்கும் சிக்மா கிளிப்பிங் அதைத்தான் தவறானது என்று தூக்கி எறியவும் கூடும். நிரம்பிய குடத்தில் எத்தனை முறை ஊற்றிச் சராசரி பார்த்தாலும் குடத்தின் அளவுதான் தெரியும், மழையின் அளவு தெரியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரு நாள் 120 வினாடி, இன்னொரு நாள் 180 வினாடி என்று பக்கத்துப் பக்கத்து நீளங்கள் கையில் இருந்தால் தாராளமாக ஒரே ஸ்டாக்கில் போடலாம். எடை போடுவதை மட்டும் இயக்கி வையுங்கள், அந்தந்த நீளத்துக்கு அதற்குரிய டார்க்கைக் கொடுங்கள். டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் இதற்கென்றே தனித்தனி குரூப்கள் இருக்கின்றன. பிக்ஸ்இன்சைட் மென்பொருளின் டபிள்யூபிபிபி என்ற ஸ்டாக்கிங் கருவி நீளத்தைப் பார்த்துத் தானே பிரித்துக்கொள்ளும். ஏஎஸ்ஐ294 போல ஓரத்தில் ஆம்ப் குளோ (சென்சாரின் மின்சுற்றே உண்டாக்கும் ஒளிர்வு) வரும் கேமராவாக இருந்தால் டார்க் விஷயத்தில் சமரசமே கூடாது. அந்த ஒளிர்வு நீளத்துக்கு நேர்விகிதமாக வளராது, அதனால் ஒரு நீளத்தின் டார்க்கைச் சுருக்கி இன்னொன்றுக்குப் போட முடியாது. ஃபிளாட் (ஓர இருட்டையும் தூசித் தடத்தையும் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃபிரேம்) மட்டும் எல்லா நீளத்துக்கும் பொது, ஃபோகஸும் கேமராவின் கோணமும் மாறாமல் இருந்தால்.

தனித்தனி ஸ்டாக், பிறகு இணைப்பு

உண்மையிலேயே நிரம்பி வழியும் இடங்களுக்கு இதுதான் சரியான வழி. ஆனால் நிரம்பியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். திரையில் ஆட்டோ ஸ்ட்ரெட்ச் (மங்கலானவை தெரியும்படி பிரகாசத்தைத் தானாக ஏற்றுவது) போட்டுப் பார்த்தால் ஆண்ட்ரோமெடாவின் நடு எப்போதும் வெள்ளையாகத்தான் தெரியும். அது திரை செய்யும் வேலை, தரவு அப்படி இல்லாமல் இருக்கலாம். ஸ்ட்ரெட்சை எடுத்துவிட்டு, ஸ்டாக் செய்யாத ஒரே ஒரு மூல ஃபிரேமைத் திறந்து, பிரகாசமான இடத்தில் கர்சரை வைத்து எண்ணைப் படியுங்கள். 16 பிட் கேமராவில் 65,535 என்றால் நிரம்பிவிட்டது. 14 பிட் கேமராக்களில் அந்த உச்சம் 65,532, 12 பிட்டில் 65,520 என்று காட்டும், ஏனென்றால் மென்பொருள் நான்காலோ பதினாறாலோ பெருக்கிக் கொடுக்கிறது. டிஎஸ்எல்ஆர்களில் 16,383க்குக் கீழேயே தேங்கிவிடும் மாடல்களும் உண்டு. ஒரே எண் பக்கத்துப் பக்கத்துப் பிக்ஸல்களில் அப்படியே திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உச்சம்.

ஸ்டாக் செய்த படத்தில் இதைத் தேடாதீர்கள். ஃபிளாட்டால் வகுத்து, நகர்த்திப் பொருத்தி, சராசரி எடுத்த பிறகு நிரம்பிய பிக்ஸல்கூட 61,000, 63,000 என்று நல்ல பிள்ளை போலத் தோன்றும். கலர் கேமராவில் இன்னொரு அடையாளமும் உண்டு. பச்சைப் பிக்ஸல் பெரும்பாலும் முதலில் நிரம்பும். பிறகு கலர் பேலன்ஸ் செய்யும்போது சிவப்பும் நீலமும் மட்டும் ஏறி, நட்சத்திரத்தின் நடு இளஞ்சிவப்பாகும்.

ஓரியனின் நடுவில் நிறம்தான் பெரிய இழப்பு. டிரபீசியத்தைச் சுற்றியுள்ள பகுதியில் ஆக்ஸிஜனின் 500.7 நானோமீட்டர் கோடு பலமாக இருக்கிறது. பெரிய டெலஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பவர்களுக்குத் தெரியும் அந்தப் பச்சை கலந்த சாயல் அதனால் வருவது. நிரம்பிய படத்தில் அது போய்விடும், எந்த பிராசஸிங்கும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

சரி, நிரம்பியிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. எவ்வளவு குறுகிய ஃபிரேம், எத்தனை? ஒரு சோதனை ஃபிரேம் எடுத்து, வேண்டிய இடத்தில் மதிப்பு உச்சத்தில் பாதிக்கும் கீழே வரும் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். நிறைய எடுக்கத் தேவையில்லை. நீண்ட ஃபிரேமில் 16,000 எலக்ட்ரானோடு நிரம்பும் ஓர் இடம், அதைப் போலப் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள ஃபிரேமில் 1,600 எலக்ட்ரான் கொடுக்கும். இரைச்சல் 40, ஆக ஒரே ஃபிரேமில் 40க்கு 1 என்ற விகிதம். 30 ஃபிரேம் சேர்த்தால் 200ஐத் தாண்டிவிடும். அதற்கு மேல் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் குறுகிய ஃபிரேமுக்கு ஒதுக்குவது, மங்கலான தூசிக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தைப் பறிப்பதுதான்.

எந்த நேரத்தில் எடுப்பது என்பதில் வழக்கமான அறிவுரையோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறுகிய ஃபிரேம்களை அந்தி வெளிச்சத்திலோ, பொருள் அடிவானத்துக்கு இறங்கியபிறகோ எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள், ஒளிதான் நிறைய இருக்கிறதே என்று. ஆனால் டிரபீசியத்தின் நான்கு நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 9 முதல் 20 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள நுணுக்கமெல்லாம் அந்த அளவில்தான் இருக்கிறது. பொருள் உச்சியில், காற்று அமைதியாக இருக்கும் பத்து நிமிடத்தைத் தாராளமாகக் கொடுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: இரண்டு ஸ்டாக்கிலும் நட்சத்திரத்தின் பருமன் ஒன்றுபோல் இருந்தால் இணைக்கும் இடத்தில் கறுப்பு வளையம் விழாது.

இணைப்பதைப் படம் இன்னும் லீனியராக, அதாவது ஸ்ட்ரெட்ச் செய்யாமல் இருக்கும்போதே செய்ய வேண்டும். கொள்கை எளிது. இரண்டு ஸ்டாக்கையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, பின்னணியைக் கழித்துவிட்டு, நீண்ட ஸ்டாக்கில் எங்கெல்லாம் மதிப்பு (உச்சத்தை 1 என்று வைத்தால்) 0.8ஐத் தாண்டுகிறதோ அங்கெல்லாம் குறுகிய ஸ்டாக்கின் மதிப்பை நீள விகிதத்தால் பெருக்கிப் போடுவது. பிக்ஸ்இன்சைட்டின் ஹெச்டிஆர்காம்போசிஷன் இதைத்தான் தானாகச் செய்கிறது. சிரில் மென்பொருளில் பிக்ஸல் மேத் வைத்து ஒரே வரியில் எழுதிவிடலாம். உச்சம் வரை காத்திருக்காமல் 0.8இலேயே மாறுவதற்குக் காரணம், ஃபிளாட்டும் சராசரியும் நிரம்பிய மதிப்புகளைக் கீழே இழுத்துவிடுகின்றன, சில சென்சார்கள் உச்சத்துக்கு அருகில் நேர்கோட்டையும் விட்டு விலகுகின்றன. கோப்பை 32 பிட் ஃப்ளோட்டாகச் சேமிப்பது கட்டாயம்.

இணைத்த உடனே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நடு முன்பு போலவே வெள்ளையாகத் தெரியும், சிலர் இணைப்பு வேலை செய்யவில்லை என்றே நினைத்துவிடுவார்கள். தகவல் உள்ளே இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவது அடுத்த கட்டம், அங்கே ஹெச்டிஆர்மல்டிஸ்கேல்டிரான்ஸ்ஃபார்ம் அல்லது ஜிஹெச்எஸ் போன்ற ஸ்ட்ரெட்ச் வேண்டும். இந்தக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, குறுகிய ஃபிரேமே எடுக்காமல், நிரம்பிய நடுப்பகுதியைச் சரிசெய்யப் பார்த்தால் கிடைப்பது ஒரு சாம்பல் நிறத் திட்டுதான்.

இரண்டு ஸ்டாக்கையும் தனித்தனியாக ஸ்ட்ரெட்ச் செய்து, ஃபோட்டோஷாப்பில் லேயர் மாஸ்க் வைத்து ஒட்டும் வழி இன்னும் பலரிடம் இருக்கிறது. கைப்பழக்கம் உள்ளவர்கள் அழகாகவே செய்கிறார்கள். எனக்கு அதில் பிடிக்காதது ஒன்றுதான்: பல படங்களில் நடுப்பகுதி சுற்றியுள்ள நெபுலாவைவிட மங்கலாகிவிடுகிறது. வானத்தில் மிகப் பிரகாசமாக இருக்கும் இடம் படத்திலும் மிகப் பிரகாசமாகத்தான் இருக்க வேண்டும். லீனியரில் இணைத்தால் அந்த வரிசை தானே காப்பாற்றப்படும்.

கெயினைக் குறைத்தால்?

நியாயமாகத் தோன்றும் யோசனை. ஐஎம்எக்ஸ்571இல் கெயின் 0க்கு வந்தால் கொள்ளளவு ஏறக்குறைய 50,000, மூன்று மடங்கு. ஆனால் ரீட் நாய்ஸும் சுமார் 3.3 ஆகிறது. அதன் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கினால் 109, நம் அரை எலக்ட்ரான் வானத்தில் ஏறக்குறைய 220 வினாடி. 50,000ஐ 109ஆல் வகுத்தால் 460 மடங்கு. ஹெச்சிஜியில் 700 இருந்தது. ஆக இந்தச் சென்சாரில் கெயினைக் குறைத்து நீண்டதாக எடுப்பதைவிட, ஹெச்சிஜியில் குறுகியதாக எடுப்பதே மேல். கோப்புகளைக் குறைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் கெயின் 0 சரி.

குறும்பட்டை ஃபில்டரில் கதை மாறுகிறது

இதுவரை சொன்னது பிராட்பேண்டுக்கு, அதாவது எல்லா நிற ஒளியையும் அகலமாக உள்ளே விட்டு எடுப்பதற்கு. ஹைட்ரஜனின் ஹெச்-ஆல்பா, ஆக்ஸிஜனின் ஓ-மூன்று போன்ற ஒரு கோட்டின் ஒளியை மட்டும் உள்ளே விடும் குறும்பட்டை ஃபில்டர் போட்டதும் வானம் கறுத்துவிடும். ஒரு பிக்ஸலுக்கு வினாடிக்கு 0.01 எலக்ட்ரான் என்று வைத்தால் 22 எலக்ட்ரான் சேர 2,200 வினாடி, அரை மணி நேரத்துக்கும் மேல். அதை யாரும் எடுக்கப் போவதில்லை. 300 வினாடி எடுத்தால் ரீட் நாய்ஸால் பின்னணி இரைச்சல் 32 சதவீதம் கூடும், 600 வினாடியில் 17 சதவீதம். ஆகவே இங்கே நீண்ட ஃபிரேமுக்கு உண்மையான நியாயம் இருக்கிறது, பிரகாசமான நட்சத்திரங்கள் நிரம்புவதையும் தவிர்க்க முடியாது.

இங்கேதான் நட்சத்திரத்துக்கு மட்டும் தனியாக எடுக்கும் வழி அருமையாகப் பொருந்துகிறது. ஃபில்டரைக் கழற்றி ஆர்ஜிபியில் (வழக்கமான சிவப்பு, பச்சை, நீல நிறங்களில்) 15 முதல் 30 வினாடி ஃபிரேம்களைக் கொஞ்சம் எடுத்து, நட்சத்திரங்களை அதிலிருந்து பிரித்து, நட்சத்திரம் நீக்கிய குறும்பட்டைப் படத்தின் மேல் சேர்த்துவிடலாம். ஸ்டார்நெட், ஸ்டார்எக்ஸ்டெர்மினேட்டர் போன்ற நட்சத்திரம் நீக்கும் மென்பொருட்கள் வந்தபிறகு இது ஒரு பெரிய வேலையே இல்லை. நட்சத்திரங்களின் இயல்பான நிறமும் திரும்பிவரும். குதிரைத்தலை நெபுலாவுக்குப் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் அல்னிடாக் போன்ற நட்சத்திரத்துக்கும் இதுவே நல்ல வழி.

எந்தப் பொருளுக்கு எது?

பெரும்பாலான கேலக்ஸிகள், இருண்ட நெபுலாக்கள், கலிஃபோர்னியா நெபுலா போன்ற பரந்த மங்கலான பொருட்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நீளம், யோசிக்கவே வேண்டாம். ஆண்ட்ரோமெடாவுக்கும் முதலில் ஒரே நீளத்தில் எடுத்து, மூல ஃபிரேமில் எண்ணைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் நட்சத்திரங்கள் எந்த நீளத்திலும் நிரம்பும். அவற்றின் நடு வெள்ளையாக இருப்பது அந்தப் படத்துக்கு ஒரு குறையே இல்லை என்பது என் எண்ணம், நீலத் தூசிக்கே முழு நேரத்தையும் கொடுங்கள். எம்13 போன்ற உருண்டைக் கொத்துக்கு 30 வினாடி அளவில் ஒரே நீளமாக நிறைய எடுப்பது போதும்.

ஓரியனுக்கு ஹெச்சிஜியில் 60 வினாடியை அடிப்படையாக வைத்து, டிரபீசியத்துக்காக 2 முதல் 5 வினாடி ஃபிரேம்களைத் தனித் தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். கலப்பு மிக அதிகம் தேவைப்படுவது பூனைக்கண் நெபுலாவுக்கு, அதாவது என்ஜிசி 6543க்கு. அதன் பிரகாசமான நடு 20 ஆர்க்செகண்ட் அளவுதான், அதைச் சுற்றியுள்ள மங்கலான வளையமோ 5 ஆர்க்மினிட்டையும் தாண்டி விரிகிறது. நடுவுக்கு ஓரிரு வினாடி, வளையத்துக்கு ஓ-மூன்றில் பல மணி நேரம். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் மூன்று நீளங்கள் எடுத்தாலும் நான் தடுக்க மாட்டேன்: 2 வினாடி, 30 வினாடி, 300 வினாடி, ஒவ்வொன்றும் தனி ஸ்டாக்காக.